நின்றுபோன டீசல் காரை மீண்டும் ஓடச் செய்தல்: முதன்முறையாகக் கைவைப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து தோட்டங்களுக்குள் பிரிந்து போகும் சாலைகளில் ஒரு நாள் நிதானமாகச் சுற்றி வந்தால், ஏதாவதொரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் பாசி படர்ந்த கண்ணாடியோடு ஒரு பழைய மெர்சிடிஸ் டீசல் கார் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமை பெறுவதற்கு முன்பு, எங்கள் ஊர் வழியாகச் செல்லும் பழைய சாலையில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய வெளியூர் டாக்சிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. டாக்சி ஓட்டியவர்களிடமிருந்தும் தோட்டத்துக் கிராணிமார்களிடமிருந்தும் (எழுத்தர்கள்) பிள்ளைகளின் கைக்கு வந்து, பிள்ளைகள் பட்டணத்துக்கு வேலைக்குப் போனபின் நின்ற இடத்திலேயே தங்கிவிட்டவை அவை. நான் வாங்கியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். 1982-ஆம் ஆண்டின் 240டி, மேனுவல் கியர், ஒன்பது ஆண்டுகளாக ஒரு ரம்புத்தான் மரத்தடியில் நின்றிருந்தது.

எனக்கு முறையான பயிற்சி எதுவும் இல்லை. பகலில் அலுவலக வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டுமே காரில் கைவைக்க முடியும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர், தோட்டத்து வர்க்‌ஷாப்பில் டிராக்டர்களையும் லோரிகளையும் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா. அவரிடம் நான் கற்றவற்றுள் தலையானது வேலைகளின் வரிசை. நீண்ட காலம் நின்ற டீசல் காரைப் பலர் பாழாக்குவது அறியாமையால் அன்று, அவசரத்தால்தான். புது பேட்டரி வாங்கி மாட்டி, சாவியைத் திருகிப் பார்க்கிறார்கள். தொட்டியின் அடியில் தங்கிய நீரும் துருவும் அந்த ஒரு திருகலில் இன்ஜெக்‌ஷன் பம்பு (டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் பம்பு) வரை போய்விடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் எஞ்சினை உயிர்ப்பிக்கும் கட்டம் சற்றுத் தாமதமாகவே வரும். அதுவரை பொறுத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காரைத் தேர்ந்தெடுக்கும்போது

முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்கு, மின்னணுச் சாதனங்கள் இல்லாத, எளிய அமைப்புடைய எஞ்சினே ஏற்றது. டபிள்யூ 123 என்று குறிக்கப்படும் மெர்சிடிஸ் வரிசை 1976 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை உற்பத்தியானது. அதில் 200டி, 240டி ஆகியவை நான்கு சிலிண்டர்களும் 300டி ஐந்து சிலிண்டர்களும் கொண்டவை. 240டி-யில் இருக்கும் ஓஎம் 616 எஞ்சின் 2.4 லிட்டர் கொள்ளளவு உடையது. 1978-க்குப் பிந்தையவற்றின் ஆற்றல் வெறும் 72 குதிரைத்திறன். மெதுவான கார்தான். ஆனால் இரட்டைச் சங்கிலியால் இயங்கும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), வரிசையாக அமைந்த போஷ் இன்ஜெக்‌ஷன் பம்பு, கையால் சரிசெய்யக்கூடிய வால்வுகள் ஆகிய அனைத்தும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளத்தக்கவை. வேறு வகைக் கார் கிடைத்தாலும் கீழே சொல்லும் முறை பெரும்பாலும் பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தக் காரின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரைப் பார்க்கும் முன்பு கெரானை, அதாவது காரின் பதிவுப் பத்திரத்தைப் பாருங்கள். கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் காரில் பொறிக்கப்பட்டுள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பழைய டாக்சிகளில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது அரிதன்று. மாற்றியதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் அது தடையாக நிற்கும். உரிமையாளர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுகளின் ஆவணங்கள் முடியும் வரை பணம் கொடுக்காதீர்கள். சாலை வரி நெடுங்காலம் புதுப்பிக்கப்படாத காருக்கு என்னென்ன தேவை என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் நேரில் கேட்டறிந்த பிறகே முன்பணம் தரலாம்.

அடுத்தது துரு. எஞ்சினைப் பிரித்து மாட்டலாம், வேறொன்றும் வாங்கலாம். தரைத்தகடு உளுத்துப்போன காரைச் சீர்செய்வதற்கு ஆகும் உழைப்பும் செலவும் முதன்முறை இறங்குபவரின் மனத்தை முறித்துவிடும். கம்பளத்தைத் தூக்கிக் கால்வைக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் நான்கு துளைகள், பேட்டரித் தட்டின் அடிப்பகுதி, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், உபரிச் சக்கரம் வைக்கும் பள்ளம், பின்சக்கர வளைவுகளின் உட்புறம் ஆகியவற்றை ஒரு சிறு ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அங்கே இருப்பது தகடு அல்ல, பெயின்ட் மட்டும்தான். ஒன்றிரண்டு இடங்கள் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஜாக்கித் துளைகள் நான்கும் போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

இடமும் கருவிகளும்

கூரை வேண்டும், சமமான சிமெண்டுத் தரை வேண்டும். பிற்பகல் மழை வழக்கமாக இருக்கும் ஊரில், திறந்த வெளியில் பிரித்து வைத்த எஞ்சினை நனையாமல் காப்பது இயலாத காரியம். மண்தரையில் ஜாக்கி வைக்கவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும் உரியது; காரின் அடியில் போகும் முன்பு இரண்டு உறுதியான ஸ்டாண்டுகளில் பாரத்தை இறக்கி, காரைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்து, அசையாது என்று உறுதி செய்த பிறகே படுக்க வேண்டும்.

கருவிகளில் அதிகம் பயன்படுபவை 10, 13, 17, 19 மி.மீ. ஸ்பேனர்கள். இவற்றோடு இன்ஜெக்டரை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் உறுப்பு) கழற்ற 27 மி.மீ. ஆழ சாக்கெட், வால்வுக்கு இரண்டு 14 மி.மீ. ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், கையால் இயக்கும் வேக்குவம் பம்பு ஆகியவை போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஆனால் டார்க் ரெஞ்சை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

பழைய எஞ்சின் எண்ணெயைச் சாக்கடையிலோ செம்பனை மரத்தடியிலோ ஊற்றும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மலேசியச் சட்டப்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டுக்குள் வரும் அட்டவணைக் கழிவு. மூடியுள்ள டின்னில் சேர்த்து, கழிவெண்ணெய் சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் வர்க்‌ஷாப் ஒன்றில் ஒப்படையுங்கள். அதேபோல், கழற்றிய டயர்களிலும் திறந்த டின்களிலும் மழைநீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசு பெருக அதுவே போதும். நம் பொழுதுபோக்கால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டிங்கிக் காய்ச்சல் வரக்கூடாது.

வேலை தொடங்கும் முதல் நாளில் பானெட்டைத் திறந்தவுடன் உள்ளே கையை நுழைக்காமல் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலிகள் அதிகம். அவற்றைக் கட்டுப்படுத்தவே பல தோட்டங்கள் ஆந்தைக் கூடுகள் அமைக்கின்றன. நின்றுபோன கார் எலிக்கு நல்ல வீடு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். என் காரில் ஏர்ஃபில்டர் பெட்டி நிறையச் செம்பனை நார் திணிக்கப்பட்டிருந்தது. அதை அப்படியே விட்டு எஞ்சினை இயக்கியிருந்தால் நார் முழுவதும் சிலிண்டருக்குள் போயிருக்கும். வயரிங்கில் எலி கடித்த இடங்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகே பேட்டரி இணைக்க வேண்டும்.

எரிபொருள் வழி

"தம்பி, சாவியத் தொடாத. மொதல்ல அது என்ன குடிச்சிருக்குன்னு பாரு," என்று மாமா என்னிடம் சொன்னார். தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து, ஓர் இரவு அசைக்காமல் வைக்கச் சொன்னார். காலையில் போத்தலில் மூன்று அடுக்குகள் இருந்தன. மேலே பழுப்பேறிய டீசல். அடியில் இரண்டு விரல்கட்டை உயரத்துக்கு நீர், அதன் தரையில் செந்துருத் தூள். இவை இரண்டுக்கும் நடுவே, இட்லித் துணியில் ஒட்டிய மாவைப் போல, கருப்பாக வழவழவென்று ஒரு படலம். போத்தலைச் சாய்த்தபோது அந்தப் படலம் கிழியாமல் ஒரே துண்டாக நழுவியது. அது அழுக்கு அன்று, உயிருள்ளது. டீசலும் நீரும் சந்திக்கும் எல்லையில் வளரும் நுண்ணுயிர்கள் அவை. நீர் இல்லாவிட்டால் அவை வளர முடியாது. வெப்பமும் ஈரமும் மிக்க நம் ஊரில் பாதி காலியான தொட்டியின் சுவரில் ஈரம் வியர்த்து வடிந்துகொண்டே இருப்பதால் நீருக்குக் குறைவில்லை.

இங்கே நம் நாட்டுக்குரிய ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 2019 முதல் போக்குவரத்துக்கான டீசலில் பி10 கலவை நடைமுறைக்கு வந்தது. அதாவது, பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த மெத்தில் எஸ்டர். எண்ணெய் நிலையங்களில் ஏழு விழுக்காடு கலந்த பி7 வகையும் கிடைக்கிறது. நம் தோட்டங்களில் வெட்டும் குலையே ஒரு வடிவில் நம் தொட்டிக்கு வந்துசேர்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் பழைய காருக்கு அதனால் மூன்று விளைவுகள் உண்டு. முதலாவது, எஸ்டர் ஒரு கரைப்பான். பல ஆண்டுகளாகச் சுவரில் படிந்திருந்த பிசினைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். இரண்டாவது, சாதாரண டீசலைவிட அது அதிக ஈரத்தை ஏற்கும். மூன்றாவது, அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்களை அது உப்பச் செய்து இளக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யாமல் புது டீசலை நிரப்பினால், கார் சில நாள் நன்றாக ஓடிவிட்டு, பிறகு மேட்டில் ஏறும்போது மூச்சடைத்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

எனவே தொட்டியை முழுவதும் காலி செய்யுங்கள். டபிள்யூ 123-இல் அது பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே எடுக்க முடியும். அடியில் உள்ள வலைச்சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். தொட்டிக்குள் சிறிதளவு சுத்தமான டீசல் ஊற்றி, ஆட்டி, வெளியேற்றுங்கள். வரும் டீசல் தெளிவாகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஆறு முறை ஆயிற்று. பிறகு வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சுத்தம் செய்த பிறகு சேர்ப்பதே முறை. சுத்தம் செய்யாமல் மருந்தை மட்டும் ஊற்றினால் செத்த படலம் முழுவதும் ஃபில்டரில் போய் அடையும்.

அடுத்து இரண்டு ஃபில்டர்கள். பம்புக்கு முன்னே கையளவிலும் சிறிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று. அதற்கு அப்பால் உலோகக் குப்பி போன்ற பெரிய ஃபில்டர் ஒன்று. இரண்டையும் மாற்றுங்கள், கூடவே இன்னொரு ஜோடியும் வாங்கி வையுங்கள், விரைவில் தேவைப்படும். ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். கடையில் கேட்கும்போது பயோடீசலைத் தாங்கும் புளோரோ ரப்பர்க் குழாய் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். இன்ஜெக்டர்களுக்கு நடுவே ஓடும் துணி சுற்றிய மெல்லிய திரும்புகுழாய்களை மறந்துவிடாதீர்கள். கடைசி இன்ஜெக்டரின் முனையில் உள்ள சிறு அடைப்பானையும் சேர்த்து மாற்றுங்கள். டீசல் ஒழுகாத இடத்தில்கூடக் காற்று உள்ளே நுழையும். காற்று நுழைந்தால் டீசல் எஞ்சின் கிளம்பாது.

இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசல் பம்பு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துச் சோதியுங்கள். எங்களுக்கு ஈப்போ அருகில் இருப்பது வசதி. இன்ஜெக்டரின் நுனியில் உள்ள நாசில் புதிதாக இருந்தால் 115 முதல் 125 பார் அழுத்தத்தில் திறக்க வேண்டும். 100-க்குக் கீழே இறங்கியது பயன்படாது. பீய்ச்சும் டீசல் மென்மையான பனிபோல் பரவ வேண்டும்; நூலாகவோ சொட்டாகவோ விழக்கூடாது. இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக்குத்துப் போலத் தெரிந்தாலும் விரலையே இழக்க நேரிடும். திரும்ப மாட்டும்போது இன்ஜெக்டரின் அடியில் உள்ள வெப்பத் தடுப்பு வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டு, 70 முதல் 80 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும்.

எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்தல்

இன்ஜெக்டர்கள் வெளியே இருக்கும்போதே ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக எஞ்சின் எண்ணெயை விட்டு, இரண்டு நாள் காத்திருங்கள். நின்றுபோன எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் தண்டின் முன்னால் உள்ள போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் மாட்டி, முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாக மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று ஆனால் எஞ்சினின் ஒரு வட்டம் நிறைவடையும். எங்காவது கடினமாகத் தடைப்பட்டால் பலம் கொடுக்காதீர்கள்; நிறுத்தி, காரணத்தைத் தேடுங்கள். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றுவது தவறு, சங்கிலிக்குக் கேடு.

தடையில்லாமல் சுழன்றால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யலாம். பழைய டீசல் காரில் முதன்முறை கற்றுக்கொள்பவர் செய்யும் வேலைகளில் இதைவிட மனநிறைவு தருவது வேறில்லை என்பேன். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வு மூடியைத் திறந்து, எந்த வால்வைப் பார்க்கிறீர்களோ அதன் கேம் மூக்கு (கேமில் துருத்தி நிற்கும் மேடு) ராக்கரிலிருந்து (வால்வை அழுத்தும் நெம்பு) விலகி நிற்கும் நிலைக்கு எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழையுங்கள். 240டி-க்கு உள்வால்வு 0.10 மி.மீ., வெளிவால்வு 0.30 மி.மீ. தகடு லேசான பிடிப்போடு, எண்ணெய் தடவிய இரண்டு காகிதங்களுக்கு நடுவே இழுப்பதுபோல் நகர வேண்டும். இரண்டு 14 மி.மீ. ஸ்பேனர்களில் ஒன்றால் மேல் நட்டையும் மற்றொன்றால் பூட்டு நட்டையும் பிடித்துத் திருப்பி, இறுக்கிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். இறுக்கும்போதே அளவு மாறிவிடும். என் காரில் இரண்டு வெளிவால்வுகளில் இடைவெளியே இல்லாமல் இருந்தது. அப்படி இருந்தால் வால்வு முழுமையாக மூடாது, அமுக்கம் குறையும், காலையில் கிளம்புவது கடினமாகும். பலர் எஞ்சின் போய்விட்டது என்று முடிவுகட்டும் கார்களில் குறைபாடு இவ்வளவுதான்.

இப்போதே கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை, அளந்துவிடுவது நல்லது. டீசலுக்குரிய மீட்டர் வேண்டும், பெட்ரோல் எஞ்சின் மீட்டர் தாங்காது. நல்ல எஞ்சினில் 22 முதல் 24 பார் வரும். 15-க்குக் கீழே போகக்கூடாது. சிலிண்டர்களுக்கு இடையே 3 பாருக்கு மேல் வேறுபாடும் இருக்கக்கூடாது. பேட்டரி வலுவாக இருந்தால்தான் இந்த அளவு உண்மையைச் சொல்லும். இந்தக் கார்களுக்கு உரியது 88 ஆம்பியர் மணி அளவுள்ள பேட்டரி. சிறிய கார் பேட்டரியைப் பொருத்தி அளந்துவிட்டு எஞ்சினைக் குறைசொல்ல வேண்டாம்.

பழைய எண்ணெயை வடித்து, கார்ட்ரிட்ஜ் ஃபில்டரை மாற்றி, 15டபிள்யூ-40 டீசல் எண்ணெய் ஊற்றுங்கள். ஏறக்குறைய 6.5 லிட்டர் பிடிக்கும். டிப் ஸ்டிக்கைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மேல் கோட்டைத் தாண்டக்கூடாது.

எஞ்சினை நிறுத்தும் வழி

பெட்ரோல் எஞ்சினில் மின்சாரத்தைத் துண்டித்தால் தீப்பொறி நின்று எஞ்சினும் நிற்கும். இந்த டீசல் எஞ்சினுக்கு ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. சாவியை அணைக்கும் நிலைக்குத் திருப்பும்போது, எஞ்சினின் முன்பக்கத்தில் உள்ள வேக்குவம் பம்பின் இழுவிசை ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சென்று இன்ஜெக்‌ஷன் பம்பில் டீசலை மூடுகிறது. அதே இழுவிசைதான் கதவுப் பூட்டுகளையும் இயக்குகிறது, பிரேக் பூஸ்டருக்கும் உதவுகிறது. ஆகவே ஏதாவதொரு கதவுப் பூட்டில் சவ்வு கிழிந்திருந்தால்கூட எஞ்சின் நிற்காமல் ஓடலாம். எனக்கு நடந்தது அதுவே. முதல் முறை கிளம்பியபோது மகிழ்ச்சியில் சாவியை அணைத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா பதறாமல் பானெட்டுக்கு உள்ளே கைவிட்டு, ஸ்டாப் என்று குறித்திருந்த நெம்புகோலை அழுத்தினார். அன்று மாலை முழுவதும் கை வேக்குவம் பம்பை ஒவ்வொரு குழாயிலும் மாட்டிப் பார்த்தோம்; பின் இடப்பக்கக் கதவின் பூட்டில் இழுவிசை நிற்கவில்லை. அந்தக் கிளைக் குழாயை அடைத்தவுடன் சாவி வேலை செய்தது.

ஆகையால் எஞ்சினைக் கிளப்பும் முன்பே அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது, தடையின்றி அசைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகம் ஏறினால் காற்று நுழையும் வாயை அடைக்க ஒரு தட்டையான கட்டைப் பலகையையும் பக்கத்தில் வையுங்கள். எக்காரணம் கொண்டும் உள்ளங்கையால் அடைக்க முயலக்கூடாது.

முதல் முறை கிளப்புதல்

குளோ பிளக்குகளை (கிளப்பும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் மின்கம்பிகள்) மல்டிமீட்டரால் சோதியுங்கள்; நல்ல பிளக்கின் தடை ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்கும். 1980-க்கு முந்தைய பல கார்களில் அவை தொடராக இணைக்கப்பட்டிருக்கும், ஒன்று போனால் எல்லாம் போகும். பின்னர் வந்தவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனி. நம் ஊர் வெப்பத்துக்கு இவை தேவையில்லை என்று நினைப்பது தவறு. டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் எரியும் அமைப்புள்ள இந்த எஞ்சின், ஆறிய நிலையில் குளோ பிளக் இல்லாமல் எளிதில் கிளம்பாது.

தொட்டியில் பத்து லிட்டர் புது டீசல் ஊற்றுங்கள். பம்பின் பக்கவாட்டில் உள்ள கைப்பம்பின் தலையைத் திருகித் திறந்து அழுத்துங்கள். முதலில் வெறுமையாக இறங்கும், பிறகு மெல்ல எதிர்ப்புத் தெரியும், சற்று நேரத்தில் உள்ளே டீசல் பாயும் ஓசை கேட்கும். பழைய வகைக் கைப்பம்பின் தலையே காற்றை உறிஞ்சும். ஈரமாக இருந்தால் புதிய வகைக்கு மாற்றிவிடுங்கள். காற்று எங்கே நுழைகிறது என்று தெரியாவிட்டால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை ஒவ்வோர் இணைப்பாக மாற்றி மாட்டிப் பாருங்கள். குமிழி எந்த இடத்துக்குப் பிறகு தோன்றுகிறதோ அதற்கு முன்னால்தான் கசிவு.

இன்ஜெக்டர்களின் மேலுள்ள நான்கு 17 மி.மீ. நட்டுகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, துணி சுற்றி, ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஒரே மூச்சில் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். எல்லா நட்டிலும் டீசல் கசிந்தபின் இறுக்குங்கள். இனிக் குளோ விளக்கு அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருப்பலாம். முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் இடிக்கும், கார் குலுங்கும், வெண்புகை கொட்டகையை நிறைக்கும். பயப்பட வேண்டாம். சில விநாடிகளில் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். உடனே எண்ணெய் அழுத்த மீட்டரைப் பாருங்கள். முள் எழவில்லை என்றால் ஸ்டாப் நெம்புகோலை அழுத்துங்கள்.

எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை தொடர்ந்து வந்தால் எரியாத டீசலோ, உள்ளே கசியும் குளிரூட்டு நீரோ காரணம். நீர்த் தொட்டியின் மட்டம் குறைகிறதா என்று கவனியுங்கள். கரும்புகை, காற்று போதாமையை அல்லது டீசல் மிகுதியைக் காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சங்கிலியின் நீட்சியை அளந்து மாற்றுவதும் இன்ஜெக்‌ஷன் பம்பின் டைமிங்கும் முதன்முறை செய்பவருக்குரிய வேலைகள் அல்ல. அவற்றை அனுபவமுள்ள போமனிடம் (மெக்கானிக்) விடுங்கள்.

பிரேக், குளிரூட்டல், ரப்பர்

எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் தோட்டத்துச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று மனம் தூண்டும். பிரேக் வேலை முடியும் வரை அந்தக் கார் கொட்டகையை விட்டு நகரக்கூடாது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல ஆண்டு நின்ற காரில் காலிப்பர் (பிரேக் பட்டைகளை அழுத்தும் உறுப்பு) பிஸ்டன்கள் துருவேறி ஒட்டியிருக்கும். ரப்பர்க் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உட்புறம் உப்பி அடைந்திருக்கும்: மிதிக்கும்போது திரவம் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் இறுகிச் சூடேறும். குழாய்கள் நான்கையும் மாற்றி, காலிப்பர்களுக்குப் புது சீல் போட்டு, புதிய டாட் 4 திரவத்தால் முழுவதும் மாற்றி நிரப்புங்கள். பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள்.

ரேடியேட்டரிலும் எஞ்சினிலும் சுண்ணமும் துருவும் படிந்திருந்தால், எண்ணெய்ப் பிசுக்கு நீங்கிய பின், பத்து விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு வடியுங்கள்; பிறகு வடிநீர் தெளியும் வரை வெறும் நீரால் கழுவுங்கள். வெறும் நீரோடு விட்டுவிடாமல் கூலண்ட் கலந்து நிரப்ப வேண்டும். நமக்கு உறைபனி இல்லை என்றாலும், துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும் அது தேவை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே பரவலான பழக்கம், அது தவறு. குறைந்த சூட்டில் ஓடும் டீசல் எஞ்சின் கரி பிடிக்கும், தேய்மானம் கூடும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டும். டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரில் ஓடாதீர்கள். கியர்ப் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் தண்டின் இருமுனையிலும் உள்ள ரப்பர் வட்டுகளில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

தகட்டு வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். துருப்பிடித்த தகட்டைப் பளபளக்கும் இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். துருவின் மேல் பட்டி பூசினால் ஒரு மழைக்காலம் தாங்காது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். பெயின்ட் அடிப்பதை மழைநாளில் செய்யாதீர்கள், ஈரம் கோத்து மேற்பரப்பு வெளிறிப்போகும்.

சாலைக்குத் திரும்புதல்

சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத காரைப் பரிசோதனை நிலையத்துக்குக்கூட ஓட்டிப் போகக்கூடாது. இழுவை லோரியில் ஏற்றுங்கள். போகும் முன்பு விளக்குகள், ஹாரன், வைப்பர், கைப்பிரேக், எண்கள் பொறித்த இடம் ஆகியவற்றைத் துடைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைக் கணக்கிடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. எனவே மலிவான எரிபொருளுக்காக இந்தக் காரைத் தேடுபவர் ஏமாற்றமடைவார். அதன் அருகே உட்கார்ந்து வேலை செய்ய விரும்புபவர்தான் தேட வேண்டும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஊரை விட்டு அதிகம் விலகாதீர்கள். ஐம்பது கிலோமீட்டரில் சக்கர போல்ட்டுகளை 110 நியூட்டன் மீட்டருக்கு மீண்டும் இறுக்கிப் பாருங்கள். ஐந்நூறில் எஞ்சின் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயிரத்தில், குளிர்ந்த எஞ்சினில் வால்வுகளை மறுபடி அளந்து பாருங்கள். சிறிய டீசல் ஃபில்டரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கருந்துகள் சேர்ந்திருந்தால், வாங்கி வைத்த இரண்டாவது ஜோடியை அப்போதே மாற்ற வேண்டும். என் காரில் முதல் ஜோடி நானூற்று இருபது கிலோமீட்டரில் கருத்தது, இரண்டாவது மூவாயிரம் வரை தெளிவாகவே இருந்தது. அதன் பிறகுதான் மாமா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஈப்போவுக்கு விடச் சொன்னார்.